பழைய ஏர் கன்னைப் புதுப்பிக்கும்போது வரும் கோளாறுகள்: எதைப் பார்த்தால் என்ன செய்வது

மதுரையைச் சுற்றி, அழகர்கோவில் பக்கமோ நத்தம் பக்கமோ மாந்தோப்பு வைத்திருக்கிற வீடுகளில் பரணைத் துழாவினால் பழைய ஏர் கன் ஒன்று கிடைக்க வாய்ப்பு அதிகம். தாத்தா காலத்து டயானா கம்பெனித் துப்பாக்கி, சில வீடுகளில் பி.எஸ்.ஏ. கம்பெனியுடையது, இல்லையென்றால் ஏதோ ஒரு பட்டறையில் செய்த பெயரில்லாத ஒன்று. பிடித்துச் சுடுகிற மரக்கட்டை கறுத்து, குழலில் துரு ஏறி, ஸ்க்ரூ தலையெல்லாம் சிதைந்து கிடக்கும். அதைக் கையில் எடுத்ததும் பெயின்ட் கடைக்குப் போய் உப்புத்தாள் வாங்கி வருவதுதான் எல்லோரும் செய்கிற முதல் வேலை. என்னிடம் வருகிற துப்பாக்கிகளில் காலம் கெடுத்ததைவிட உப்புத்தாள் கெடுத்ததுதான் அதிகம், அதனால்தான் இதை எழுதுகிறேன். தேய்ப்பது கடைசி வேலை. கண்ணுக்குத் தெரிகிற கோளாறு எதனால் வந்தது என்று முதலில் தெரிய வேண்டும், தெரிந்துவிட்டால் பாதிக்கு மேல் தேய்க்காமலேயே சரியாகிவிடும்.

உங்கள் துப்பாக்கியில் என்ன தெரிகிறதோ அந்தப் பகுதிக்கு நேராகப் போய்விடலாம். அடுத்த பகுதியை மட்டும் யாரும் தாண்டிப் போகாதீர்கள்.

கை வைப்பதற்கு முன்

குழல் மேலோ, ஸ்பிரிங் உட்கார்ந்திருக்கிற தடித்த இரும்பு உருளையான சிலிண்டர் மேலோ துளை அளவு பொறித்திருக்கும். 4.5 அல்லது 177 என்று இருந்தால் சரி. 2016 ஆயுத விதிகளின்படி துளை 4.5 மில்லிமீட்டருக்கும் ஆற்றல் 20 ஜூலுக்கும் மேற்போகாத ஏர் கன்னுக்கு லைசென்ஸ் வேண்டியதில்லை. 5.5 அல்லது 22 என்று இருந்தால் அதற்கு லைசென்ஸ் வேண்டும், முதலில் அதைக் கவனியுங்கள், பாலிஷ் எல்லாம் அப்புறம். வீட்டில் பழைய லைசென்ஸில் வின்செஸ்டர் மாதிரி, லீவரை இழுத்துத் தோட்டா ஏற்றுகிற ரைபிள் வைத்திருப்பவர்களும் இதே கேள்விகளைக் கேட்கிறார்கள். 1959 ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியை ரிப்பேர் செய்வதற்கே தனி லைசென்ஸ் உண்டு, ஆகவே அந்த ரைபிளை லைசென்ஸ் உள்ள கடைக்குத்தான் கொண்டுபோக வேண்டும். கீழே மரத்தைப் பற்றியும் இரும்பைப் பற்றியும் சொல்வதைத் தெரிந்துகொண்டு போனால் கடைக்காரரிடம் சரியான கேள்வி கேட்கலாம், "பஃப் சக்கரத்தில் தேய்த்துப் பளபளவென்று ஆக்கித் தருகிறேன்" என்று அவர் சொன்னால் வேண்டாம் என்று சொல்லத் தெரியும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். புதுப்பித்த துப்பாக்கியைத் தோப்புக்குக் கொண்டுபோய் மாமரத்துக் கிளியைச் சுட்டுப் பார்க்கக் கூடாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் கிளியும் மயிலும் வருகின்றன. காகித இலக்கு, தகர டப்பா, போதும்.

அடுத்து விரல். பரணில் கிடந்த துப்பாக்கி ஏற்றிய நிலையில் இருக்கிறதா இல்லையா என்று பார்த்தால் தெரியாது. குழலை மடக்கிப் பாருங்கள். ஸ்பிரிங் எதிர்த்துத் தள்ளினால் ஏற்றவில்லை என்று அர்த்தம், கையை விடாமல் மெதுவாகத் திரும்ப மூடிவிடுங்கள். எதிர்ப்பே இல்லாமல் லூசாக மடங்கினால் ஸ்பிரிங் உடைந்திருக்கலாம், ஆனால் ஏற்றியிருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு பெல்லட் (ஈயக் குண்டு) போட்டு, குழலை முழுக்க மூடி, மணல் மூட்டையில் சுட்டுவிட்டு அப்புறம் வேலையைத் தொடங்குங்கள். குழல் மடங்கியிருக்கும்போது டிரிகரில் விரல் போகவே கூடாது. குழல் அடித்து மேலே வரும் வேகத்தில் இடையில் இருக்கிற விரல் நசுங்கும், குழலும் வளையும்.

கட்டையைக் கழற்றப் பக்கவாட்டு ஸ்க்ரூக்களையும் டிரிகரைச் சுற்றியிருக்கிற வளையத்தின் ஸ்க்ரூவையும் எடுத்தால் போதும். அதோடு நிறுத்துங்கள். சிலிண்டரின் பின்மூடிக்கு உள்ளே ஸ்பிரிங் அழுத்தத்தோடு உட்கார்ந்திருக்கிறது, அதை அழுத்திப் பிடிக்கிற கருவி இல்லாமல் திறந்தால் மூடி முகத்துக்கு வரும். மேல் வேலைக்கு அதைத் திறக்கவே தேவையில்லை.

கட்டை கையில் ஒட்டுகிறது, தூசி பிடிக்கிறது

மதுரையில் இதுதான் எனக்கு வருகிற முதல் புகார். காரணத்தை மோந்து பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

சிக்கு வாடை அடித்தால் யாரோ தேங்காய் எண்ணெய் தடவியிருக்கிறார்கள். தேங்காய் எண்ணெய் காயாத எண்ணெய். எத்தனை நாள் வெயிலில் வைத்தாலும் அது மரத்தின் மேல் எண்ணெயாகவே இருக்கும், புழுதியைப் பிடித்துக்கொண்டு கறுக்கும், சிக்கு வாடையும் வரும். கடலை எண்ணெயும் அப்படித்தான். நல்லெண்ணெய் கொஞ்சம் இறுகும், ஆனால் பூச்சாக மாறாது. தாத்தா வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு எண்ணெய் தேய்த்து வைத்த துப்பாக்கி என்றால் அந்த அக்கறை மேல் எனக்கு மரியாதை உண்டு, ஆனால் மரத்துக்குக் காய்கிற எண்ணெய்தான் வேண்டும், அது ஆளி விதை எண்ணெய். டர்பன்டைனில் நனைத்த துணியால் துடைத்துத் துடைத்து, துணியில் மஞ்சள் வராமல் போகும்வரை எடுங்கள். அப்புறம் இரண்டு மூன்று நாள் நிழலில் காற்றாட விடுங்கள்.

பெயின்ட் கடை லின்சீட் ஆயிலையே பூசியும் ஒட்டுகிறது என்றால் இரண்டில் ஒன்று. முதலாவது, வாங்கியது பச்சை எண்ணெயாக, அதாவது காய்ச்சாத எண்ணெயாக இருக்கும். அது காய வாரக்கணக்கில் ஆகும், ஐப்பசி கார்த்திகை மழையில் அதையும் தாண்டும். டபுள் பாயில்டு என்று கேட்டு வாங்க வேண்டும், அதில் காயவைக்கும் உப்புகள் சேர்த்திருப்பார்கள். இரண்டாவது, எண்ணெய் சரிதான், கனமாகப் பூசிவிட்டார்கள். எண்ணெய் காய்வது தண்ணீர் வற்றுவது போல அல்ல, காற்றிலிருக்கும் ஆக்சிஜனை வாங்கி இறுகுவது. கனமாக இருந்தால் மேலே ஆடை கட்டி உள்ளே பச்சையாகவே இருந்துவிடும். அந்த ஆடையை டர்பன்டைனும் முரட்டுத் துணியும் கொண்டு எடுத்துவிட்டு, புதிதாகச் சில சொட்டுகள் மட்டும் உள்ளங்கையில் விட்டு, கை சூடாகும்வரை தேய்த்து, கால் மணி நேரம் கழித்து மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். மரத்தின் மேல் எண்ணெய் இருப்பதே தெரியக் கூடாது, அந்த அளவுக்குத் துடைக்க வேண்டும். ஒரு நாள் இடைவெளி விட்டு அடுத்த பூச்சு. பங்குனி சித்திரை வெயில் காலத்தில் இந்த வேலை அழகாக நடக்கும். மழைக்காலத்தில் அவசரப்படாமல் இரண்டு மூன்று நாள் விடுங்கள்.

துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போட்டுவிடாதீர்கள். லின்சீட் இறுகும்போது சூடு வெளிவரும், குவிந்து கிடக்கும் துணியில் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கும். இது மிரட்டலுக்குச் சொல்வது இல்லை, உலகம் முழுக்க மரப் பட்டறைகளில் நடக்கிற விபத்து, நம் ஊர் கத்திரி வெயிலில் இன்னும் சீக்கிரம் நடக்கும். துணியை விரித்துக் கொடியில் காயப்போடுங்கள், அல்லது வாளித் தண்ணீரில் முக்கி வையுங்கள்.

எண்ணெய், பூச்சு எல்லாம் சரியாக இருந்தும் காயவில்லை என்றால் கட்டை தேக்கா என்று பாருங்கள். பழைய கட்டை உடைந்து ஊர் ஆசாரி புதிதாகச் செய்து கொடுத்திருப்பார், அவர் கையிலிருந்த நல்ல மரம் தேக்கு. தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை உண்டு, அது லின்சீட்டைக் காயவிடாமல் இழுக்கும். பூசுவதற்குச் சற்று முன் தின்னரால் ஒரு முறை துடைத்துவிட்டு, மெல்லிய அரக்குப் பாலிஷ் ஒரு கை கொடுத்தால் போதும், தேக்குக்கு லின்சீட்டே வேண்டாம்.

கட்டையின் பிடியும் பின்பக்கமும் கறுத்துப்போயிருக்கிறது

பிடி மட்டும் கறுப்பு என்றால் கை வியர்வையும் அழுக்கும். மேலாக இருக்கும், டர்பன்டைனும் 0000 நம்பர் ஸ்டீல் வுல்லும் போதும்.

சிலிண்டர் உட்காருகிற பள்ளத்திலிருந்து கறுப்பு வெளியே பரவியிருந்தால் கதை வேறு. வருஷக்கணக்காகத் துப்பாக்கிக்குள் விட்ட தையல் மெஷின் எண்ணெய் கீழே இறங்கி மரத்துக்குள் ஊறியிருக்கிறது. இதை உப்புத்தாளால் எடுக்க நினைத்தால் மரம் முழுவதும் தீர்ந்தாலும் கறுப்பு தீராது. உள்ளே இருப்பதை வெளியே இழுக்க வேண்டும். சாக் பவுடர் என்கிற வெள்ளைத்தூள் இருக்கிறதே, அதை அசிட்டோனிலோ தின்னரிலோ குழைத்து, கறுப்பு இருக்கிற இடத்தில் விரல் கனத்துக்கு அப்பிவிடுங்கள். திறந்த வெளியில் செய்யுங்கள், அடுப்பு, பீடி எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. தின்னர் உள்ளே போய் எண்ணெயைக் கரைக்கும், ஆவியாகி வெளியே வரும்போது எண்ணெயையும் கூட்டிக்கொண்டு வரும், தூள் அதைக் குடித்துக்கொள்ளும். வெள்ளையாக அப்பியது பழுப்பாக மாறினால் வேலை நடக்கிறது. தட்டிவிட்டு மறுபடி அப்புங்கள். காலை வெயிலில் மொட்டை மாடியில் கொஞ்ச நேரம் வைத்தால் எண்ணெய் இளகி வேகமாக வரும், ஆனால் மதியம்வரை விட்டால் கட்டை முறுக்கிக்கொள்ளும், வெடிக்கும். இது பொறுமை கேட்கிற வேலை. ஒரே நாளில் முடிகிற வழி என்று காஸ்டிக் சோடாவை யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அது எண்ணெயோடு சேர்த்து மரத்தையும் கறுக்கவைத்து நாரைச் சிதைத்துவிடும்.

முழுக்க வெளுக்கவைக்க வேண்டியதில்லை. கொஞ்சம் கறுப்பு இருந்தால் இருக்கட்டும், அது அந்தத் துப்பாக்கி கடந்து வந்த வயசு.

நசுங்கல், வெட்டு, விரிசல்

விரலால் தடவிப் பாருங்கள். பள்ளத்தின் ஓரம் வழவழப்பாக இருந்தால் மர நார் அமுங்கியிருக்கிறது, அறுபடவில்லை. இதற்கு ஈரத்துணியும் இஸ்திரிப் பெட்டியும்தான் மருந்து. அந்த இடத்தில் பழைய பூச்சை எடுத்துவிட்டு, நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியை நாலாக மடித்து வைத்து, சூடான இஸ்திரிப் பெட்டியின் முனையால் சில நொடிகள் அழுத்துங்கள். நீராவி உள்ளே போய் நார் ஊதி மேலே வரும். துணி காய்வதற்குள் எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் மரம் கருகும். ஒரே தடவையில் வராது, திரும்பத் திரும்பச் செய்யலாம். கண்ணெதிரே பள்ளம் நிரம்பி வருவதைப் பார்ப்பது இந்த வேலையிலேயே எனக்குப் பிடித்த பகுதி. நாலு நசுங்கலை எடுக்கக் கட்டை முழுக்க ஒரு பங்கு தேய்த்து மெலிய வைக்கிறார்களே, அது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

ஓரம் கூராக, கிழிந்தது போல இருந்தால் நார் அறுபட்டிருக்கிறது. ஆவி வேலை செய்யாது. அரக்கை உருக்கி விடலாம், அல்லது அதே மரத்தூளும் அரால்டைட்டும் கலந்து அடைக்கலாம்.

விரிசல் பெரும்பாலும் முன்பக்க ஸ்க்ரூ ஓட்டையிலிருந்து தொடங்கும், அல்லது பிடிக்குப் பின்னால் கட்டை ஒல்லியாகும் இடத்தில் இருக்கும். பலரும் ஃபெவிகாலை விட்டுக் கட்டிவிடுகிறார்கள், நாலு முறை சுட்டதும் திறந்துகொள்கிறது. ஃபெவிகாலைக் குறை சொல்ல முடியாது, எண்ணெய் ஊறிய மரத்தில் எந்தப் பசையும் பிடிக்காது. முதலில் விரிசலுக்குள் அசிட்டோனைச் சொட்டுச் சொட்டாக விட்டு, துணியால் ஒற்றி, எண்ணெய் வராமல் போகும்வரை கழுவ வேண்டும். நன்றாகக் காய்ந்த பிறகு, அஞ்சு நிமிஷத்தில் இறுகும் வகை இல்லாமல், மெதுவாக இறுகும் அரால்டைட்டைக் குழைத்து, அந்த இடத்தை லேசாகச் சூடாக்கினால் அது இளகி உள்ளே இறங்கும். விரிசலைக் கொஞ்சம் விரித்துப் பிடித்து உள்ளே போகவிட்டு, பழைய சைக்கிள் ட்யூபை நீளமாக வெட்டி இறுகச் சுற்றிவிடுங்கள். ட்யூப் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இழுக்கும், வளைந்த கட்டைக்கு அதைவிட நல்ல பிடி கிடையாது. வழிந்த பசையை இறுகுவதற்கு முன் துடைத்துவிட்டு ஒரு நாள் தொடாமல் விடுங்கள்.

சாயம் திட்டுத்திட்டாக ஏறியிருக்கிறது

டயானா கட்டைகள் பெரும்பாலும் பீச் மரம். நெருக்கமான நார், ஆங்காங்கே சிறு சிறு பழுப்புக் கோடுகள் தெரியும், அதை வைத்தே அடையாளம் காணலாம். பீச் மரம் சாயத்தை ஓரிடத்தில் அதிகமாகவும் இன்னோரிடத்தில் குறைவாகவும் குடிக்கும். வால்நட் நிறம் வேண்டும் என்று கடையில் வாங்கிய சாயத்தை நேராகப் பூசினால் திட்டு விழாமல் இருக்காது. ஸ்பிரிட்டில் மிகவும் நீர்க்கக் கரைத்த அரக்கை ஒரு கை பூசி, காய்ந்ததும் லேசாகத் தேய்த்துவிட்டு அதன் மேல் சாயம் கொடுங்கள், சீராக ஏறும். ஏற்கனவே திட்டு விழுந்துவிட்டால் அந்தச் சாயத்தைக் கரைக்கிற திரவம் எதுவோ அதில் நனைத்த துணியால் முழுக் கட்டையையும் துடைத்துச் சமப்படுத்துங்கள், கறுத்த இடத்தை மட்டும் துடைத்தால் புதுத் திட்டுதான் வரும்.

அரக்குப் பாலிஷில் வெள்ளையாகப் பனி படர்ந்த மாதிரி இருந்தால் ஈரக்காற்றில் பூசியிருக்கிறார்கள். வெயில் அடிக்கும் நாள் வரட்டும், ஸ்பிரிட் தொட்ட துணிப் பந்தால் மேலாக ஒரு இழுப்பு இழுத்தால் போய்விடும்.

குழலில் செந்துரு

இரும்பின் மேல் இருக்கிற நீலக் கருப்பும் ஒரு வகைத் துருதான், இரும்பை அரிக்காத கருப்புத் துரு. செந்துருவைத் தின்கிற புளிப்பு எல்லாம் இந்தக் கருப்பையும் தின்றுவிடும். பித்தளைக் குத்துவிளக்கைத் தேய்க்கிற மாதிரி புளி போட்டுத் தேய்த்த குழல்கள் என்னிடம் வந்திருக்கின்றன, துரு போயிருக்கும், கூடவே நீலமும் போய்க் குழல் வெள்ளி மாதிரி நிற்கும். எலுமிச்சை, வினிகர், கோலா, கடையில் விற்கிற துரு நீக்கித் திரவம் எல்லாமே இதைத்தான் செய்யும். நீலம் கொஞ்சமாவது மிச்சமிருந்தால் இவற்றில் எதுவும் கிட்டே வரக்கூடாது.

மேலாகப் படர்ந்த துரு என்றால் மெல்லிய எண்ணெய் விட்டு ஒரு நாள் ஊறவைத்து, 0000 ஸ்டீல் வுல்லால் அழுத்தாமல் தேய்த்தால் போதும். துரு மட்டும் வரும், நீலம் நிற்கும்.

அதற்கும் மேலே, அழகான ஒரு வழி இருக்கிறது. தனியாகக் கழற்ற முடிகிற சிறு இரும்புப் பாகங்களை, எண்ணெய்ப் பசை முழுக்கப் போக்கிவிட்டு, கொதிக்கும் தண்ணீரில் அரை மணி நேரம் போட்டால் செந்துரு கருப்புத் துருவாக மாறும். வெளியே எடுத்து, தின்னரில் கழுவிய ஸ்டீல் வுல்லால் மேலே நிற்கும் கருந்தூளைத் தேய்த்துவிட்டால் அடியில் கருப்பு அப்படியே இருக்கும். புதிதாக எந்த ரசாயனமும் சேர்க்காமல் துருவையே பூச்சாக மாற்றிவிடுகிறோம். ஸ்டீல் வுல்லைக் கழுவச் சொன்னதற்குக் காரணம், அது துருப்பிடிக்காமல் இருக்கத் தொழிற்சாலையிலேயே எண்ணெய் தடவித்தான் வரும். தண்ணீர் விஷயத்தில் கவனம்: நம் ஊர் போர்த் தண்ணீரில் கொதிக்கவைத்தால் உப்புத் திட்டு இரும்பில் அப்படியே படிந்துவிடும். பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். சிலிண்டரை இப்படிக் கொதிக்கவைக்க முழுக்கப் பிரிக்க வேண்டும், அதைத் தெரிந்தவர்களிடம் விடுங்கள்.

துரு அரித்துக் குழி குழியாக இருந்தால் குழி போகாது. போக்கவேண்டும் என்றால் சுற்றியிருக்கிற நல்ல இரும்பையும் குழியின் ஆழத்துக்குத் தேய்க்க வேண்டும். அப்போது முதலில் போவது எழுத்துதான். டயானா, 1890ல் ஜெர்மனியில் ராஸ்டாட் ஊரில் யாகோப் மாயர் தொடங்கிய கம்பெனி. வேட்டைத் தெய்வம் வில்லை வீசிவிட்டுத் துப்பாக்கியைத் தூக்கிப் பிடிக்கிற முத்திரை சிலிண்டர் மேல் இருக்கும். இரண்டாம் உலகப்போருக்குப் பின் இயந்திரங்கள் ஸ்காட்லாந்தில் மில்பிரோ என்கிற கம்பெனிக்குப் போய், அங்கேயும் அதே டயானா பெயரில் செய்தார்கள், ஆகவே எந்த நாட்டில் செய்தது என்கிற எழுத்தைப் பார்த்துத்தான் உங்களுடையது எது என்று சொல்ல முடியும். பல ஜெர்மன் டயானாக்களில் சிலிண்டரின் பின்பக்கம் இடது ஓரத்தில் மாதமும் வருஷமும் சின்ன இலக்கத்தில் குத்தியிருக்கும், அழுக்கைத் துடைத்துத் தேடுங்கள். பஃப் சக்கரத்தில் ஒரு முறை கொடுத்தால் இதெல்லாம் மழுங்கிவிடும், ஸ்க்ரூ ஓட்டைகளின் ஓரம் சரிந்துவிடும், கூரான விளிம்புகள் உருண்டுவிடும். அதற்குப் பிறகு நிக்கல் போட்டாலும் கிரோம் போட்டாலும் அது வேறு பொருள். குழிகளை விட்டுவிட்டு, உள்ளே இருக்கிற துருவை மட்டும் எண்ணெயும் மூங்கில் குச்சியும் வைத்துச் சுரண்டி எடுங்கள், அது மேலும் அரிக்காது.

கோல்டு ப்ளூ போட்டேன், திட்டாக வந்தது, செம்பு நிறமாக இருக்கிறது, மறுநாளே துரு

கோல்டு ப்ளூ என்பது நீலம் போன இரும்பில் சூடாக்காமலே மறுபடி நிறம் ஏற்றுகிற திரவம். மேலே சொன்ன மூன்றும் வேறு வேறு காரணம்.

திட்டு என்றால் எண்ணெய்ப் பசை. துடைத்தேன் என்பார்கள், ஆனால் துடைத்த பிறகு வெறும் விரலால் தொட்டுப் பார்த்திருப்பார்கள், அந்த விரல் ரேகையே போதும். அசிட்டோனால் துடைத்ததும் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கோல்டு ப்ளூ திரவங்களில் பலவற்றில் செலினியம் சேர்மம் இருக்கிறது, தோலுக்கும் மூச்சுக்கும் நல்லதில்லை, ஆகவே கையுறை இரண்டு வகையிலும் தேவை. இரும்பை வெயிலில் வைத்து வெதுவெதுப்பாக்கிக்கொண்டு ஒரே இழுப்பாகப் பூசுங்கள்.

செம்பு நிறம் என்றால் திரவத்திலிருக்கும் செம்பு மேலே படிந்திருக்கிறது. ஒரே இடத்தில் ரொம்ப நேரம் தேய்த்தால் இப்படி வரும். 0000 வுல்லால் மெதுவாக எடுத்துவிட்டு மெல்லிசாக மறுபடி பூசுங்கள்.

மறுநாள் துரு என்றால் திரவத்தின் அமிலம் மிச்சமிருக்கிறது. பூசியதும் தண்ணீரில் நன்றாகக் கழுவி, உடனே காயவைத்து, நிறைய எண்ணெய் தடவி ஒரு ராத்திரி விட வேண்டும்.

நிறமே ஏறவில்லை என்றால் காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டாவிட்டால் அது அலுமினியமோ துத்தநாக வார்ப்போதான், இரும்புக்கான ப்ளூ அதில் ஏறாது, கருப்புப் பெயின்ட்தான் வழி. காந்தம் ஒட்டியும் ஏறவில்லை என்றால் உலோகக் கலவை அப்படி. 1964க்குப் பின் வந்த பல வின்செஸ்டர் 94 ரைபிள்களின் ரிசீவர், அதாவது தோட்டா ஏறுகிற நடுப்பாகம், இதற்குப் பேர்போனது, சாதாரண ப்ளூயிங் அதில் சரியாகப் பிடிக்காது, தொழில் தெரிந்தவர்களே அதைக் கையில் எடுக்க யோசிப்பார்கள்.

கோல்டு ப்ளூ கீறலுக்கும் தேய்ந்த விளிம்புக்கும் மட்டும்தான். குழல் முழுக்கப் பூசினால் சில மாதத்தில் கைபட்ட இடமெல்லாம் போய்விடும். முழுக் குழலுக்கும் வேண்டும் என்றால் ரஸ்ட் ப்ளூ, அதாவது வேண்டுமென்றே மெல்லிய செந்துரு வரவைத்து, கொதிக்கவைத்துக் கருப்பாக்கி, தேய்த்து, அதையே பல சுற்று செய்வது. நாள் பிடிக்கும், நிற்கும்.

ஸ்க்ரூ தலை சிதைந்திருக்கிறது, கழறவில்லை

கடையில் விற்கிற ஸ்க்ரூ டிரைவரின் நுனி ஆப்பு மாதிரி சரிந்திருக்கும், பள்ளத்தில் மேலாகத்தான் பிடிக்கும், திருகினால் ஏறிக்கொண்டு தலையைச் சிதைக்கும். நுனியை அரத்தால் நேராக ராவி, பள்ளத்தின் அகலத்துக்கும் நீளத்துக்கும் சரியாகப் பொருந்தவைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை திலகர் திடல் சந்தையில் பழைய கனமான ஸ்க்ரூ டிரைவர்கள் கிடைக்கும், இரும்பு நன்றாக இருக்கும், ராவிக்கொள்ள வசதி. சிதைந்த தலையில் மேலே பிதுங்கி நிற்கிற இரும்பைச் சின்னச் சுத்தியலால் தட்டி உள்ளே திருப்பி அனுப்புங்கள், அரத்தால் எடுத்தால் பள்ளம் அகலமாகிவிடும். கழறாவிட்டால் டபிள்யூடி 40 விட்டு ஒரு நாள் விடுங்கள், மரத்தில் படாமல்.

திரும்பச் சேர்த்த பிறகு வரும் கோளாறுகள்

சுட்டால் பட்டாசு மாதிரி சத்தம், குழல் வாயில் புகை: வேலையின்போது விட்ட எண்ணெய் சிலிண்டருக்குள் காற்று அழுத்தப்படுகிற குழிக்குள் போயிருக்கிறது, பிஸ்டன் அடிக்கிற சூட்டில் அது எரிகிறது. சில பெல்லட் சுட்டதும் நின்றுவிட்டால் பயமில்லை. நிற்காவிட்டால் சுடுவதை நிறுத்துங்கள், அது ஸ்பிரிங்கையும் வாஷரையும் உடைக்கும். குழலுக்குப் பின்னால் இருக்கிற காற்றுத் துளையில் மெஷின் எண்ணெய் விடவே கூடாது. பழைய துப்பாக்கியில் தோல் வாஷர் காய்ந்து காற்று ஒழுகினால் சிலிக்கான் எண்ணெய் ஒன்றிரண்டு சொட்டு, நிமிர்த்தி ஒரு ராத்திரி, அவ்வளவுதான். பெல்லட் போடாமல் சும்மா சுட்டுப் பார்ப்பதும் கூடாது, பிஸ்டனைத் தாங்கக் காற்று மெத்தை இல்லாமல் இரும்பில் இரும்பு மோதும்.

குழல் பக்கவாட்டில் ஆடுகிறது: குழல் மடங்குகிற அச்சு போல்ட் தளர்ந்திருக்கிறது. டயானா 27, 35 போன்றவற்றில் அந்த போல்ட்டை ஒரு குட்டி ஸ்க்ரூ பூட்டியிருக்கும். அதைக் கழற்றாமல் போல்ட்டைத் திருகினால் இரண்டும் சேதம். குட்டி ஸ்க்ரூவை எடுத்து, போல்ட்டைக் கொஞ்சம் இறுக்கி, ஆட்டம் நின்றதும் திரும்பப் பூட்டுங்கள்.

ஒவ்வொரு முறை சுட்டதும் கட்டை ஸ்க்ரூ தளர்கிறது: எண்ணெய் இழுத்துச் சுத்தம் செய்த மரம் கொஞ்சம் சுருங்கியிருக்கும். ஸ்க்ரூவை முரட்டுத்தனமாக இறுக்கினால் பழைய விரிசல் திரும்பத் திறக்கும். தலைக்கு அடியில் இருந்த கிண்ண வாஷர் காணாமல் போயிருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் அதுதான். அதைப் போட்டு, மரையில் நீல நிறப் பூட்டுப் பசை ஒரு சொட்டு விட்டு, கை இறுக்கமாக நிறுத்துங்கள்.

எல்லாம் முடித்து வைத்த துப்பாக்கியில் ஒரு மழைக்காலம் போனதும் குழல் முழுக்கப் புள்ளிப் புள்ளியாகத் துரு: உறையைப் பாருங்கள். ரெக்ஸின் உறையும் உள்ளே ஸ்பாஞ்சும் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், தோல் உறையும் அப்படியே. பழைய பருத்தி வேட்டியில் சுற்றி, பீரோவில் நிமிர்த்தி வையுங்கள், இரும்புக்கு மெல்லிய மெழுகுப் பூச்சு, மரத்துக்கு வருஷம் ஒரு முறை நாலு சொட்டு லின்சீட். பார்க்க வருகிறவர்கள் கையில் வாங்கிப் பார்ப்பார்கள், கொடுங்கள், அவர்கள் போனதும் குழலை எண்ணெய்த் துணியால் ஒரு முறை துடைத்துவிட்டு வையுங்கள்.